ஒரு கைப்பிடி மைதா

"அரிசி திங்கற ஊர்ல பொறந்துட்டு பிரெட்டுக்கு அழறாளே சார் உங்க பொண்ணு!" என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. என் சுபாவம் அப்படி. நன்றாகச் சொன்ன பேச்சு என்றால், அது என்னையே குத்தினாலும், ரசித்து முடித்த பிறகுதான் கோபம் வரும். தாம்பரத்தில் மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மிக்ஸியைப் பற்றி மட்டுமா பேசுகிறார்கள்? மாமியாரைப் பற்றிப் பேசுவார்கள், மெட்ரோ தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள். "இந்த மிக்ஸியும் எங்க வீட்டுக்காரரும் ஒண்ணு, சத்தம்தான் வரும், வேலை நடக்காது" என்று ஓர் அம்மா சொன்னதை இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊர்ப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். அதே ஊர்ப் பேச்சில் ஒரு வாக்கியத்தைக் கேட்டால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பலூன். வகுப்பில் அவள்தான் குள்ளம். பூச்சி மருந்து கொடுத்தோம், டானிக் கொடுத்தோம், ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, சீலியாக் என்றார். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். அது உள்ளே போனால் இவள் உடம்பு தன் குடலையே புண்ணாக்கிக்கொள்ளுமாம். கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் கூடாது. கூட்டுப் பெருங்காயத்தில்கூட மைதா இருக்கும், பார்த்து வாங்குங்கள் என்றார். "குடல் ஆறினாத்தான் இவ வளருவா. ஆறலைன்னா இப்படியே நின்னுடுவா. துளி போனாலும் திரும்ப முதல்லேருந்துதான்" என்றார். அந்தத் 'துளி'யை நானும் என் மனைவியும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம் என்று அரிசிக்குப் பஞ்சமில்லாத வீடு. பட்டினி கிடக்க வேண்டியதில்லைதான். ஆனால் அவள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இடைவேளைக்கு பிரெட் ஜாம்தான் கொண்டுவருவார்கள். இவள் டப்பாவைத் திறந்தால் இட்லி. "டிபன் கடை வந்துடுச்சு" என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள்: "எல்லாரும் பிரெட்டோட ஓரத்தைப் பிச்சுத் தூரப் போடறாங்கப்பா. எனக்கும் தூரப் போட ஓரம் வேணும்."

இதைக் கேட்டுவிட்டு எந்த அப்பன் சும்மா இருப்பான்?

ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பெரிய கடையில், குளிர்பெட்டிக்குள், குளூட்டன் இல்லாத பிரெட் கிடைத்தது. வாயில் போட்டால் தெர்மாகோல். மகள் மென்று பார்த்துவிட்டு மரியாதையாகத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். சரி, நாமே சுடுவோம் என்று இறங்கினேன். ஒருவர் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராமலே போன ஓவன் ஒன்று கடையில் கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாவு மில்லுக்குப் போக முடியாது. நமக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள், அந்த மாவு இயந்திரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் அரிசியை வீட்டிலேயே புது ஜாரில் அரைத்தேன். மாவு ஒட்டுவதற்கு, மலச்சிக்கலுக்குச் சாப்பிடுகிற இசப்கோல் உமி போட வேண்டும் என்று போனில் பார்த்து, மருந்துக்கடைக்குப் போய் நான்கு டப்பா கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், வூட்ல மொத்த பேருக்கும் பேஜாரா கீதா?"

"பிரெட் சுட."

"சர்தான். துன்னுட்டு நேரா உள்ள போய் குந்திக்க வேண்டியதுதான்."

அன்று சுட்டது செங்கல். என் மனைவி தட்டிப் பார்த்து, "ஏங்க, கூடுவாஞ்சேரியில மனை வாங்கணும்னு சொல்லிட்டிருந்தீங்களே. மனையை மட்டும் வாங்குங்க, மீதியை நாமளே சுட்டுக்கலாம்" என்றாள். மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு துண்டைக் கடித்து, பல் வலிக்கிறது என்றாள்.

இப்படிச் சில மாதம் செங்கல் சூளை ஓடிய பிறகு, எதிர்வீட்டுக்காரரின் மனைவி ஊரப்பாக்கத்தில் ஓர் அக்காவைப் பற்றிச் சொன்னார். வீட்டிலேயே கேக், பன் சுட்டுக் கொடுக்கிறவர். கிறிஸ்துமஸ் வந்தால் அந்தத் தெருவே அவர் வீட்டு வாசலில் நிற்கும். ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். வாய் நிறையப் பேசும் மனுஷி. போன நிமிஷமே காபி. மகளின் போட்டோவைக் காட்டியதும் கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"ஐயோ, எலும்பும் தோலுமா இருக்கே பச்ச புள்ள. நான் பாத்துக்கறேன் தம்பி. நீங்க மாவை மட்டும் கொண்டாந்து குடுங்க."

மாவு கொண்டுபோய்க் கொடுத்தேன். தனியாக ஒரு பாத்திரம், தனியாக ஓர் அச்சு எல்லாம் நானே வாங்கிக் கொடுத்தேன். மைதா படவே கூடாது என்று சொல்ல வேண்டிய விதத்திலெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முதல் இரண்டு முறை வந்தது என் செங்கலுக்குத் தம்பி. "புள்ள எப்படிக் கடிக்குது தம்பி இத?" என்று அவர்தான் என்னைவிட வருத்தப்பட்டார். மூன்றாவது முறை வந்தது பிரெட். விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப எழும்பும் நிஜமான பிரெட்.

மகள் ஓரத்தைப் பிய்த்தாள், தூரப் போட்டாள், நடுவை மட்டும் தின்றாள். வீணாக்காதே என்று நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் ஊரப்பாக்கம் போய் வாங்கி வந்தேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த அக்காவைப் பற்றிப் பேசினேன். "கைராசி" என்று சொன்னேன்.

மழைக்காலம் முடிவதற்குள் மகளுக்கு வாயெல்லாம் புண். வயிறு மறுபடி உப்பியது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சுருண்டுகொள்வாள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எங்கயோ கோதுமை போய்க்கிட்டிருக்கு" என்றார். பெருங்காய டப்பாவை மறுபடி பார்த்தோம். சாஸ் பாட்டிலைத் தூக்கிப் போட்டோம். என் அண்ணி வீட்டுக்கு வந்திருந்தபோது, மகள் காதுபடவே, "பிள்ளைங்க கிட்ட வாங்கித் திருட்டுத்தனமா தின்னுவா. குழந்தைதானே, நாக்கு சும்மா இருக்குமா?" என்றார். மகள் எழுந்து போய்ப் பள்ளிப் பையைக் கொண்டுவந்து, நடுக்கூடத்தில் தலைகீழாகக் கொட்டிக் காட்டினாள். பென்சில், ரப்பர், காலி டப்பா. அண்ணி சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வழக்கத்தைவிட முன்னாலேயே ஊரப்பாக்கம் போய்விட்டேன். மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு கிரைண்டர் கொடுக்க வேண்டியிருந்தது, அவர்கள் வெளியூர் போயிருந்தார்கள், அதுதான் காரணம். அந்த அக்கா அப்போதுதான் மாவு பிசைந்துகொண்டிருந்தார். என் மகளுக்கான பாத்திரம்தான். "வாங்க தம்பி, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே பக்கத்திலிருந்த டப்பாவுக்குள் கையை விட்டு, ஒரு கைப்பிடி அள்ளி, தூவினார். என் கண் முன்னாலேயே. மறைக்கவேண்டிய காரியம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

"அது என்னக்கா?"

"மைதா தம்பி. கொஞ்சம் போட்டாத்தானே புடிச்சுக்கும்."

"அக்கா, மைதா கூடாதுன்னு..."

"தெரியும் தம்பி. அதான் ஒரு கைப்பிடி. ஒரு கைப்பிடி ஒண்ணும் பண்ணாது. புள்ள கல்லக் கடிக்குதேன்னு ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்ல. ஜெபம் பண்ணிட்டுத்தான் போடறேன். கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனா உடம்பு தன்னால பழகிக்கும், நீங்க வேணா பாருங்க."

"மூணு மாசமா?"

"ஆமா. எவ்ளோ ஆசையா சாப்பிடறான்னு நீங்கதானே வந்து வந்து சொன்னீங்க?"

கத்தவேண்டும் என்று வாய் வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக் கத்த முடியவில்லை. அதில் ஒரு சின்னக் கள்ளம் இருந்திருந்தால் கத்தியிருப்பேன். காய்க்காரர் கறிவேப்பிலையை அள்ளிப் போடுவார், பால்காரர் அளந்தபின் ஒரு சுற்று ஊற்றுவார், கேட்காமலே கொடுக்கிற அந்தக் கொசுறு இல்லாமல் நம் ஊரில் யாருக்கும் கை ஓயாது. அளந்து கொடுத்தால் பாசமில்லாதவர் என்று பெயர். அந்த அக்கா என் மகளுக்கு வாராவாரம் கொசுறு போட்டிருக்கிறார். "ஒண்ணும் பண்ணாது." இந்த வாக்கியத்தைக் கோவில் பிரசாதத்தோடு சொன்னார்கள், பிறந்தநாள் கேக்கோடு சொன்னார்கள், அப்போதெல்லாம் கையைத் தட்டிவிட்டு மகளைக் காப்பாற்றினோம். இந்த முறை நானே ரயிலேறிப் போய் வாங்கிவந்து ஊட்டியிருக்கிறேன்.

பாத்திரத்தையும் அச்சையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த அக்கா அழுதார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். நல்லது செய்யப்போய்ப் பொல்லாப்பு வந்ததாக அவர் சொன்னது எதிர்வீடு வரை வந்து சேர்ந்தது. எதிர்வீட்டம்மா என் மனைவியிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

மகளிடம் உள்ளதைச் சொன்னோம். கேட்டுவிட்டு, "அந்த ஆன்ட்டிக்கு என்மேல கோவமா?" என்றாள். இல்லை, உன்மேல் ரொம்பப் பிரியம், அதனால்தான் போட்டார்கள் என்றேன். அவளுக்கு அது புரியவில்லை.

மறுபடி நானே சுட ஆரம்பித்தேன். நான் மாவு கலக்கும்போது மகள் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் ஏறி நின்றுகொள்வாள். இது என்ன, அது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். பிள்ளைக்குச் சமையலில் ஆசை வந்துவிட்டது என்று கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். தண்ணீரைக் கூட்டி, உருளைக்கிழங்கு மாவைச் சேர்த்து, புளிக்க வைக்கும் நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரெட் சரியாக வந்தது. பொன்னிறம். வீடு முழுக்க வாசனை. வெட்டியபோது கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. அன்று காலை அவள் ஓவிய வகுப்புக்குப் போயிருந்தாள்.

வந்ததும் ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினேன். விரலால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே போய், மெல்ல எழும்பியது.

"ஏன்ப்பா இவ்ளோ மெத்துன்னு இருக்கு?"

"அப்பாவுக்குக் கை வந்துடுச்சுடா."

"நான் இல்லாதப்பவா பண்ணினே?"

"ஆமா."

அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பிறகு, அன்றைக்கு அந்தக் கடை பிரெட்டை வைத்த அதே மரியாதையோடு இல்லை, பயத்தோடு, தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"இட்லி இருந்தா குடும்மா" என்றாள்.