நிறுத்திய மாத்திரை

என் கணவருக்கு முதலில் வீங்கியது வலது கை நடுவிரல். துறைமுகத்தில் வின்ச் (சரக்குத் தூக்கும் எந்திரம்) ஓட்டுகிற கை. எங்கேயோ அடிபட்டிருக்கும் என்று நினைத்தோம். முழங்கையில் செதில் உதிர்வதும் விரல் வீங்குவதும் ஒரே நோய் என்று யார் கண்டது?

டோல்கேட் பக்கம் இருந்த டாக்டர்தான் சொன்னார். சோரியாசிஸ் (தோல் தடித்துச் செதிலாக உதிரும் நோய்), அது மூட்டிலும் இறங்கிவிட்டதாம். தொற்றாது என்றும் சொன்னார். அதை எங்கள் ராயபுரத்துத் தெருவுக்கு யார் போய்ச் சொல்வது? மாதா கோயில் பூசையில் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) மாத்திரை கொடுத்தார். வீக்கம் வடிந்தது, தோலும் தெளிந்தது. இவர் வேளாங்கண்ணிக்குப் போய் வேண்டுதல்படி மொட்டை போட்டு வந்தார். வந்த பிறகு மாத்திரையைத் தொடவில்லை. எனக்குத் தெரிய சில நாளாயிற்று.

"இன்னாய்யா, மாத்திர அப்டியே கீது?"

"மாதாவே சொகம் குட்த்துட்டா மே. அப்பாலியும் மாத்திர துன்னா அவள நம்பலன்னு ஆயிடும்."

"டாக்டராண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"நல்லாத்தான கீறேன். இன்னாத்துக்குக் கேக்கணும்?"

மாதா பெயரைச் சொன்ன பிறகு நான் என்ன வாதாடுவது?

அந்த மாதம் முடிவதற்குள் உடம்பு முழுக்கச் சிவந்தது. தோல் உரிந்து பாயில் அள்ளும்படி கிடந்தது. வெளியே வெயில் கொளுத்த, இவர் குளிரில் வெடவெடவென்று நடுங்கினார். ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், "செத்துடுவேனா மே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

துணி ஒட்டிக்கொள்ளும் என்று கட்டிலில் வாழை இலை விரித்துப் படுக்க வைத்தார்கள். சோறு போடுகிற இலையில் கட்டினவர் கிடந்தார்.

"கிருமியோட சண்டை போடவேண்டிய எதிர்ப்பு சக்தி, இவர் தோலையும் மூட்டையும் எதிரின்னு நினைச்சு அடிக்குதுன்னு சந்தேகப்படறோம்," என்றார் டாக்டரம்மா. "ஏன்னு எங்களுக்கும் முழுசா தெரியல. மாத்திரை அதை அடக்கி வெச்சிருந்தது. திடீர்னு நிறுத்தினதும் மொத்தமா கிளம்பிடுச்சு."

"பொழச்சிக்குவாராம்மா?"

"இப்ப சொல்ல முடியாது. தோல் இப்படி உரிஞ்சா உடம்புல சூடும் நிக்காது, தண்ணியும் நிக்காது."

அவர் மூச்சு விடுகிறாரா என்று நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

பிழைத்தார். நிறுத்திய மாத்திரையைத் திரும்பக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள்; இன்னும் மாத்திரை விழுங்கியாக வேண்டும். விரல்கள் முழுசாக மடங்குவதில்லை. வின்ச் வேலை போய், இப்போது துறைமுகக் கேட்டில் உட்கார்ந்து உள்ளே போகிறவர்களின் பாஸ் பார்க்கிறார். உங்கள் வீட்டில் யாருக்காவது இது இருந்தால், தோல் தெளிந்ததும் மருந்தை நீங்களாக விட்டுவிடாதீர்கள். கும்பிடுவதைக் கும்பிடுங்கள், விழுங்குவதை விழுங்குங்கள்.

செதில் உதிர்கிற நாட்களில் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். நல்ல நாட்களில்தான் பயம். போன வாரம் கண்ணாடி முன் நின்று முழங்கையைத் தடவி, "ஒன்னியும் இல்ல பாரு," என்று சிரித்தார்.

நான் எழுந்து போய் மாத்திரைகளை எண்ணினேன்.