வேண்டாம் என்ற டாக்டர்

பழைய கார் தரகர் யாரையும் லேசில் நம்பமாட்டார். பளபளப்பான பெயின்ட்டைக் கண்டால் கதவைத் தட்டிப் பார்ப்பார். ஒட்டுப்போட்ட இடம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அவர் மச்சினனுக்கு விற்ற வண்டியோ அவன் வீட்டு வாசலில் நகராமல் நிற்கிறது.

மழையில் மூக்குக்கண்ணாடி மங்குவது தொல்லையாக இருக்க, அதை விட்டுவிட லேசர் சிகிச்சை வைத்துக்கொள்ளலாமா என்று கண் மருத்துவமனைக்குப் போனார். எதையாவது தலையில் கட்டப் பார்ப்பார்கள் என்று உஷாராகவே உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா கருவிழியின் தடிமனை அளந்தார்.

“கார் பானட்டைத் திறக்கற மாதிரி மேல் படலத்தைத் தூக்கிட்டு லேசர் வைக்கலாம். இல்லேன்னா மேல்தோலை மட்டும் எடுத்துட்டு வைக்கலாம். எப்படிப் பண்ணாலும் கருவிழியைக் கொஞ்சம் செதுக்கணும். உங்களுக்கு அது ஏற்கெனவே மெலிசு. வேண்டாம், கண்ணாடியே போடுங்க.”

தரகருக்கு உள்ளுக்குள் உறுத்தியது. வெளியே காத்திருந்த மனைவியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“வேண்டாங்கறாங்க. இதுல என்னமோ இருக்கு.”

“நல்லதைத்தானே சொல்றாங்க? பேசாம வாங்க.”

“உனக்கு வியாபாரம் தெரியாது. தேடி வந்த ஆள்கிட்ட நான் ஒரு தடவையாவது வேண்டாம்னு சொல்லியிருக்கேனா?”

“இல்ல,” என்றாள் அவள். “என் தம்பிகிட்டகூடச் சொல்லல.”