தபால் கார்டில் வளர்ந்த நரம்பு

யுத்தம் முடிந்த வருஷம் நடந்தது இது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடுகிற பஸ்ஸின் டிரைவர் மனசு வைத்தால் மட்டும் நிற்கிற ஒரு கிராமம் எங்களுடையது. பர்மாவில் குண்டுச் சிதறல் ஒன்று என் வலது மேல்கையைக் கிழித்து, உள்ளே ஒரு நரம்பை அறுத்துவிட்டது. ராணுவ ஆஸ்பத்திரியில் அதைச் சேர்த்துத் தைத்து என்னை ஊருக்கு அனுப்பினார்கள். கை இருந்தது, ஆனால் மணிக்கட்டு தொங்கிப்போய், விரல்களை நிமிர்த்த முடியாமல் இருந்தேன்.

தைத்த டாக்டருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவாகத்தான் இருக்கும். நம் பக்கத்துத் தமிழர். அறுந்த நரம்பு எப்படித் திரும்ப வளர்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. சிப்பாய்களை "நீங்க" என்று கூப்பிட்ட அதிகாரி நான் பார்த்தவரையில் அவர் ஒருவர்தான்.

"என் வேலை தையலோட முடிஞ்சுதுங்க. இனிமே நரம்பு தானா வளரணும். மாசத்துக்கு ஒரு அங்குலம் வளர்ந்தாலே நல்ல சேதி" என்றார். அதைக் கண்டுபிடிக்கிற வழியையும் சொல்லிக்கொடுத்தார். கையை விரலால் தட்டிக்கொண்டே வர வேண்டும். எந்த இடத்தில் தட்டினால் கட்டைவிரல் பக்கம் சுரீரென்று ஓடுகிறதோ, அங்கே வளரும் நரம்பின் நுனி இருக்கிறது. தழும்பிலிருந்து அந்த இடத்தை அளந்து, மாதம் ஒரு கார்டு அவருக்குப் போட வேண்டும்.

ஊரில் இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்துவிட்டான். "செத்த நரம்பு மொளைக்குமாடா? அது என்ன முருங்கப் போத்தா, ஒடிச்சு நட்டா துளிர்க்கறதுக்கு?"

சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சாப்பாடுதான் என்னைத் தனியாளாக்கியது. தொங்குகிற கையால் சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. இடது கையால் சாப்பிட்டேன். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் கையைப் பார்த்தார், எழுந்து நாலு இலை தள்ளிப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் எந்தப் பந்திக்கும் போகவில்லை. அண்ணி நல்லவள். சோற்றைத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்துவிடுவாள். பருத்திக் கொல்லைக் கொட்டகையில் நானும் தூக்குமாக உட்கார்ந்து சாப்பிடுவேன்.

முதல் இரண்டு மாதம் சுரீர் கொஞ்சம் நகர்ந்தது. இடது கையால் கோழி கிளறின மாதிரி எழுதிப் போட்டேன். டாக்டர் பதில் எழுதினார். அவர் கையெழுத்து என்னுடையதைவிட மோசம். ஆனாலும் அதை எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கை எப்படி இருக்கிறது என்று இந்த உலகத்தில் என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாம் மாதம் சுரீர் நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளதை உள்ளபடி எழுதினேன். பதில் வரவில்லை. தபால்காரர் சைக்கிளைக் கண்டால் கொட்டகையை விட்டு ரோட்டுக்கு ஓடுவேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். நல்ல சேதி இல்லாதவனுக்கு எதற்குக் கடுதாசி என்று டாக்டர் விட்டுவிட்டார் போலிருக்கிறது, இப்படித்தான் நினைத்தேன்.

நாலாம் மாதமும் அது அசையவில்லை. நான் "அரை அங்குலம் நகர்ந்திருக்கிறது" என்று எழுதினேன்.

பத்து நாளில் இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது. நின்ற நரம்பு திரும்ப நகர்ந்தது பெரிய விஷயம் என்றும், என் கார்டைத் தனியாக எடுத்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். வெட்கத்தைவிட எனக்குச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. ஐந்தாம் மாதம் முக்கால் அங்குலம் வளர்த்தேன். ஆறாம் மாதம் முழங்கைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டேன். நேரில் வரச் சொன்னபோது பருத்தி எடுப்பு என்று சாக்குச் சொன்னேன். ஒரு கையால் நான் எடுத்த பருத்தி தலையணைக்குக்கூடக் காணாது.

அடுத்து வந்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது. "உங்களைப் போலவே நரம்பு அறுந்த ஒருவர் இங்கே இருக்கிறார். மூன்று மாதமாக நகரவில்லை. திரும்பத் திறந்து தைக்கலாம் என்றிருந்தேன். உங்களுக்குத் தானாக நகர்ந்ததைப் பார்த்து, அவரையும் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்."

காத்திருக்கக் காத்திருக்கத் தசை சூம்பிவிடும், அதன்பின் நரம்பு வந்தும் பிரயோஜனமில்லை என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை பஸ்ஸில் அரியலூர் போய் ரயிலேறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்ததும் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "வாங்க, வாங்க. காட்டுங்க" என்று முழங்கைக்கு மேலே தட்டினார். "சுரீர்னு இருக்கா?"

அது யாருக்கும் கண்ணில் தெரிகிற விஷயம் இல்லை. தலையை ஆட்டினால் போதும். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தபோது ஆட்டிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"இல்லீங்க" என்றேன்.

கொஞ்சம் மேலே தட்டினார். இல்லீங்க. இன்னும் மேலே. இல்லீங்க. தழும்புக்கு ஒரு விரல் கீழே வந்தபோதுதான் சுரீரென்றது. அவர் கை நின்றுவிட்டது.

"கார்டுல எழுதினது?"

"பொய்ங்க. நல்ல சேதி இல்லேன்னா நீங்க எழுத மாட்டீங்கன்னு... எனக்கு வேற யாரும் எழுதறதில்லீங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. நோட்டில் என் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். "பதில் போடாத அந்த மாசம் நான் மலேரியாவுல படுத்திருந்தேங்க" என்று மட்டும் சொன்னார்.

வார்டில் அந்த மனிதரைப் பார்த்தேன். என் கை தொங்குகிற மாதிரியே அவர் கையும் தொங்கியது. நான் யாரென்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்து, "அண்ணே, உங்களுக்கு நகந்துடுச்சாமே! உங்களைச் சொல்லித்தான் டாக்டர் எனக்குத் தைரியம் சொல்வாரு. எங்க, காட்டுங்க பாப்போம்" என்றார்.

கையை நீட்டினேன். மணிக்கட்டு விழுந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அவருக்கு ஆபரேஷன். அதற்கடுத்து எனக்கு. எனக்குக் காலம் தாண்டிவிட்டது. கை எழவே இல்லை. அதில் எனக்கு யார்மேலும் கோபமில்லை. புறப்படும்போது டாக்டர், "இனிமே கார்டு போட வேண்டாங்க" என்றார். அதை மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த மனிதரின் கை எழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டு எழுத எத்தனையோ முறை கார்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுதுவதை நம்ப வேண்டிய அவசியம் இனி அவர்கள் யாருக்கும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும், எழுதாமலே எழுந்துவிடுகிறேன்.