காணும் பொங்கலன்று கிடைத்த ஆசீர்வாதம்

நான் பாவிதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாகூரில் என் கணவர் கட்டிய வீட்டில் அவருடைய அக்கா குடும்பம் இருந்தது. நாங்கள் பிரான்சில் இருபத்திரண்டு வருஷம். "போதும்டி, ஊருக்கே போயிடலாம்" என்று மனுஷன் பாதிச் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டிவிட்டார். பொங்கலுக்குப் போய் அக்காவிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தால் மீதியையும் கட்ட வேண்டியதுதான். எனக்கோ அந்த ஊர், அந்த உறவு, அடுப்படியில் நாத்தனாரின் அதிகாரம், எதுவும் வேண்டாம். சொன்னால் கேட்கிற ஆளா அவர்? கிளம்புவதற்கு முன்பே நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, வூட்டக் கேக்கத்தான் வராரு. காணும் பொங்கல் அன்னிக்கு உங்க கால்ல விழுவாரு இல்ல, அப்பவே சொல்லிடுங்க. ஆசீர்வாதத்த எதுத்துப் பேச மாட்டாரு."

காணும் பொங்கலன்று எல்லோரும் வேனில் மணப்பட்டு கடற்கரைக்குப் போனோம். புளிச்சோற்றுத் தூக்கை அவரே சுமந்தார். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு அலையில் ஆட்டம் வேறு. "இனிமே வருஷா வருஷம் இங்கதான்!" என்று கத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு அக்கா காலில் விழுந்தார். நாத்தனார் நெற்றியில் குங்குமம் வைத்து, சுற்றி இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "போன எடத்துலயே பொண்டாட்டியோட நூறு வருஷம் நல்லா இருடா. இங்க உனுக்கு இன்னா இருக்குது? திரும்பி வர நெனப்பே வாணாம்."

வீட்டைக் கட்டியவரிடம் சொன்னாள்!

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே "சரிக்கா" என்றார். எழுந்து முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். அக்கா போட்ட சோற்றை, நன்றாக இருக்கிறதென்று சொல்லி இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றார். என் பங்கை நான்தான் காக்கைக்குப் போட்டேன். அட, நான் கேட்டது இதுதானே.

திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நீ தலபாடா அடிச்சிக்கின, நான்தான் கேக்கல. உன்ன வுட்டா எனக்கு யாருடி இருக்கா?"

"யாரும் இல்ல" என்றேன்.