நாற்பத்தொரு கோப்புகளும் ஏழாம் விதியும்

குவார்ட்டர்ஸ் மாறப்போகிறோம் என்று போன வாரம் மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது அந்தப் பென்டிரைவ் கையில் அகப்பட்டது. மூடி கிடையாது. மூடி தொலைந்த நாள் முதல் அதன் முனையில் பாலித்தீன் தாளைச் சுற்றி ரப்பர்பேண்ட் போட்டிருக்கும். ரப்பர் இப்போது இளகி, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. "யாரோடதுங்க இது? தூக்கிப் போட்டுடவா?" என்றாள் மனைவி. எந்தக் கேள்விக்கும் ஒரு கிண்டலாவது கைவசம் வைத்திருக்கும் நான், அன்றைக்கு அதை மேசையின் மறுகோடிக்கு நகர்த்தி வைத்தேன்.

அது எங்கள் சுரங்க ஆபீஸ் அக்காவினுடையது. 2013 வாக்கில் ஸ்டோர்ஸ் பிரிவில் அவர் கான்ட்ராக்ட்டில் டேட்டா என்ட்ரி பார்த்தார். நான் பெர்மனென்ட். அதாவது, அவர் வேலை செய்வார், நான் கையெழுத்துப் போடுவேன். வயதில் என்னைவிட இரண்டு வருடம் இளையவர்தான். ஆபீஸே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து சைக்கிளில் வருவார். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, இடது பட்டன் சிக்கிக்கொள்ளும் அந்த ஆபீஸ் மவுஸால், கம்ப்யூட்டரோடு இலவசமாக வரும் பெயின்ட் புரோகிராமில் படம் வரைவார். அந்தக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் கிடையாது.

எனக்கு வீட்டில் இன்டர்நெட் இருந்தது, அதைவிட வேலைவெட்டி இல்லாத சாயங்காலங்கள் இருந்தன. ஒரு தமிழ் இணைய மன்றத்தில் நான் பெரிய கை. மாதாமாதம் அங்கே முகப்புப் படப் போட்டி நடக்கும். ஜெயித்த படம் ஒரு மாதம் மன்றத்தின் தலைமேல் நிற்கும். என் படங்களில் கட்டாயம் ஒரு சூரிய அஸ்தமனமும், தங்க நிறத்தில் மினுமினுக்கும் எழுத்தும், எழுத்துக்குக் கீழே நிழலும் உண்டு. கல்யாண ஃபிளெக்ஸேதான், மாப்பிள்ளை பெண் மட்டும் குறைவு. ஒருமுறை 'மழை' என்று தலைப்புக் கொடுத்தார்கள். சும்மா தமாஷுக்கு, "அக்கா, நீங்களும் ஒண்ணு போடுங்களேன்" என்றேன். பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். ஷிஃப்ட் விட்டு சைக்கிள் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நிற்பவர்களை மேலிருந்து பார்த்த மாதிரி. வெறும் மஞ்சள் ஹெல்மெட் வட்டங்கள். நடுவில் ஒரே ஒரு கறுப்புக் குடை, அதைச் சுற்றி எல்லா வட்டங்களும் நெருக்கியடித்துக்கொண்டு. மழையே வரையவில்லை. அந்த மாதம் அவர் ஜெயித்தார். அடுத்த மாதமும். அதற்கடுத்த மாதமும்.

அவருக்கும் மன்றத்துக்கும் நடுவில் தபால்காரன் நான்தான். "என்ன சொன்னாங்க சார்?" என்று காலையில் நாற்காலியைத் திருப்பிக் கேட்பார். ஐந்து பேர் பாராட்டியிருந்தால் மூன்றைச் சொல்வேன். மீதி இரண்டைத் தபால்காரன் பிடித்துக்கொண்டான்.

அந்தச் சமயத்தில் யாரோ ஒரு ஆள் எங்கிருந்தோ திருடிய படத்தைப் போட்டு மாட்டிக்கொண்டார். விதிகளைத் திருத்த வேண்டும் என்று கூச்சல் கிளம்பியது. என்னையும் சேர்த்து மூன்று பேர் குழு. மற்ற இருவருக்கும் நேரமில்லை, எனவே எழுதியது முழுக்க நான். ஒன்று முதல் ஆறு வரை நியாயமான விதிகள், இன்றைக்கும் அவற்றுக்காக வாதாடுவேன். ஏழாவது: வானம் தனி, மரம் தனி, எழுத்து தனி என்று அடுக்கு அடுக்காகப் பிரிக்கக்கூடிய மூலக்கோப்பைப் படத்தோடு அனுப்ப வேண்டும். பெயின்ட்டில் அப்படி எதுவும் கிடையாது, வரைந்தது எல்லாம் ஒரே தாளில் ஒட்டிக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எழுதினேன். குழுவிலிருந்த சிங்கப்பூர் நண்பர், "அப்ப பெயின்ட்ல வரையறவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். "கம்ப்யூட்டரை வுட்டுட்டு காம்பவுண்டு சுவத்துல வரையட்டும்" என்று எழுதினேன். பதினோரு பேர் சிரித்து வைத்தார்கள். அன்றிரவு சந்தோஷமாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த மாதம் மன்றத்தின் ஆண்டுவிழா. தலைப்பு 'ஊர்'. ஜெயிக்கும் படம் ஒரு வருடம் முழுக்க இருக்கும் என்று அறிவித்திருந்தார்கள். அதைச் சொன்னதும் அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "என் படம் மேல நிக்கிறத இதுவரைக்கும் நானே பாத்ததில்ல சார். லீவு கிடைக்கிறதுக்குள்ள மாசம் ஓடிடுது. ஒரு வருசம் இருக்கும்னா எப்படியும் ஒரு நாள் பொண்ண இட்டுகினு போயி பிரவுசிங் சென்டர்ல காட்டிடுவேன்" என்றார். நான் ஏழாம் விதியைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் விஷயம். "குழுவுல புதுசா ஒண்ணு கொண்டாந்துட்டாங்கக்கா. படம் எப்படி உண்டாச்சுன்னு தனித்தனியாக் காட்டணுமாம்." குழுவுல. கொண்டாந்துட்டாங்க. அந்த 'ங்க'வுக்குள் நான் எவ்வளவு வசதியாக உட்கார்ந்துகொண்டேன்!

இரண்டு வாரம் அவர் டப்பாவைத் திறந்ததாக ஞாபகம் இல்லை. ஒவ்வொரு கோடும் விழுந்த பிறகு அந்த நிலையைத் தனிக் கோப்பாகச் சேமித்திருக்கிறார். ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை எண் போட்டு. வீட்டில் வரிசையாகத் திறந்து பார்த்தேன். முதலில் வெறும் பழுப்புத் தரை. பிறகு ஒரு வீட்டுக் கூரை. பக்கத்தில் இன்னொன்று, கிணறு, வேலி, மாடு. இருபதாவதுக்கு மேல் ஒவ்வொன்றாக அழியத் தொடங்கியது. வேலி போனது, மாடு போனது. கடைசியில் சுரங்கப் பள்ளத்தின் விளிம்பு, அங்கே ஒரே ஒரு கிணற்றுத் திட்டு. அவ்வளவுதான் ஊர். திருட்டுப் படம் இல்லை என்று நிரூபிக்கத்தானே அந்த விதி? இதைவிட நிரூபணம் உலகத்தில் இல்லை. குழுவிடம் காட்டியிருந்தால் இரண்டு பேரும் எழுந்து நின்றிருப்பார்கள். நான் காட்டவே இல்லை.

"சேத்துக்க முடியாதுன்னுட்டாங்கக்கா."

"நீங்க சொல்லிப் பாத்தீங்களா சார்?"

"சொன்னேன். கேக்கல."

மவுஸில் சிக்கிய பட்டனை நகத்தால் நெம்பி எடுத்தார். பிறகு, "வுடுங்க சார். எனக்காவப் பேசப்போயி உங்களுக்கு ஏன் கெட்ட பேரு" என்றார். அந்த ஆண்டு முகப்பில் நின்றது என் சூரிய அஸ்தமனம். தகுதியானவை மூன்றே படங்கள். வழக்கமாகக் குவிகிற படங்கள் ஏழாம் விதிக்குப் பிறகு வரவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, போட்டியும் நின்றது, மன்றமும் அடங்கியது. அக்கா அதன் பிறகு பென்டிரைவைத் திருப்பிக் கேட்கவில்லை, கொடுக்க எனக்கும் முகமில்லை. கான்ட்ராக்ட் மாறியபோது அவரும் போய்விட்டார்.

இத்தனை வருடம் கழித்து, ரப்பரைச் சுரண்டி எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினேன். ஆச்சரியம், திறந்தது. படங்களுக்குக் கீழே அன்றைக்கு நான் கவனிக்காத ஒரு சிறு எழுத்துக் கோப்பு. 'குழுவினருக்கு' என்று பெயர். "வணக்கம். எங்கள் கம்ப்யூட்டரில் பெயின்ட் மட்டும் உள்ளது. எனக்குத் தெரிந்த முறையில் செய்துள்ளேன். தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். சார் எனக்காக உங்களிடம் வாதாடுவார். அதற்காக அவரைத் தவறாக நினைக்க வேண்டாம்."

குழுவினருக்கு எழுதியது ஒருவழியாகக் குழுவினர் கைக்கு வந்துவிட்டது.

அக்கா இப்போது வடக்குத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார். அந்தக் கடையைத் தாண்டாமல் மார்க்கெட்டுக்கு நான் ஏன் சுற்றிக்கொண்டு போகிறேன் என்று இதைப் படித்தால் மனைவிக்குப் புரியும். புது ரப்பர்பேண்ட் போட்டு, பென்டிரைவைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சைக்கிளில் பதினைந்து நிமிடம். கடைக்குள் நுழைந்ததும் நாற்காலியைத் திருப்பி, "என்ன சொன்னாங்க சார்?" என்றுதான் கேட்பார். எட்டு நாளாகச் சட்டை மாற்றும்போதெல்லாம் பென்டிரைவை மறு சட்டையின் பைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.