நான் நிறுத்திப் பார்த்த பாட்டு வீடியோக்கள்

பாட்டு வீடியோவைப் பிரித்துப் பேசுகிற தொழிலில் ஒரு சௌகரியம், எடுத்தவரைத் தவிர வேறு யாருக்கும் நம் மேல் கோபம் வராது. சினிமாவுக்கு வெளியே நாலு பேர் சேர்ந்து சொந்தமாகப் பாட்டுக் கட்டி, சொந்தமாகப் படம்பிடித்து யூடியூபில் போடுகிறார்களே, அந்த இண்டி பாட்டுகள்தான் என் சரக்கு. எந்த ஷாட்டில் கேமரா எங்கே நின்றது, ஏன் நகர்ந்தது, கதை எந்த இடத்தில் நொண்டியது என்று நிறுத்தி நிறுத்திக் காட்டி, அம்புக்குறி போட்டு என் சேனலில் பேசுவேன். பகலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அதாவது, ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையர் கேட்டதற்கும் இங்கே தைத்ததற்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவள். குறை கண்டுபிடிக்க எனக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

எதையும் சும்மா பார்த்துவிட்டுப் போகத் தெரியாத என் சக நோயாளிகளே, உங்கள் வீட்டிலும் பாட்டு ஓடும்போது ரிமோட்டை ஒளித்து வைக்கிறார்களா? எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே வைக்கிறார்கள்.

வானத்திலிருந்து பார்ப்பது யார்?

தாராபுரத்திலிருந்து ஒருவர், தான் இயக்கிய காதல் தோல்விப் பாட்டை அனுப்பி, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்றார். இப்படிச் சொல்கிறவர்களை நம்பக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது. வீடியோவில் நாயகன் அமராவதிக் கரையில் உட்கார்ந்து அழுகிறான். நல்ல முகம், நல்ல க்ளோஸப். கண்ணீர் இமையில் வந்து நிற்கிறது. விழப்போகிறது என்று நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், டபக்கென்று கேமரா ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. ஆறு தெரிகிறது, பாலம் தெரிகிறது, பாலத்தில் போகிற டவுன் பஸ் தெரிகிறது. அழுகிறவன் ஒரு புள்ளி. மறுபடி கண்ணீர், மறுபடி ஆகாயம்.

அவருக்குப் போன் போட்டு, "பையன் அழுவறத மேல இருந்து பாக்கறது யாருங்க? செத்துப்போன காதலியா, சாமியா?" என்று கேட்டேன். மனிதர் சொன்னார்: "அப்படியெல்லாம் யாருமில்லீங்க. ட்ரோன ஒரு நாளைக்குத்தானுங்க வாடகைக்கு எடுத்தோம். பொழுதோட திருப்பிக் குடுக்கோணும். அழுகாச்சிய எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாமுங்க."

முதுகில் அழுதவள்

இது ஒரு பனியன் முதலாளி தன் புது பிராண்டுக்காகச் செலவழித்து எடுத்த பாட்டு. அதில் ஓர் இடம் என்னை ஆட்டிவிட்டது. பிரிந்து போன காதலி திரும்பி வந்து அழுகிறாள். நெஞ்சில் சாய்ந்து அழவில்லை. அவனுக்குப் பின்னால் போய், முதுகில் முகம் புதைத்து அழுகிறாள். அவன் திரும்பாமல் கேமராவைப் பார்த்தபடி நிற்கிறான். விடுவேனா? மன்னிப்புக் கேட்கிறவளுக்கு முகம் காட்டத் தைரியமில்லை, கொடுக்க வேண்டியவனுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை, இரண்டு பேரும் ஒட்டி நிற்கிறார்கள் ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது என்று நீட்டி முழக்கினேன். கமெண்டில் ஆளாளுக்குப் புல்லரித்துப் போனார்கள். நான் பேசியதைக் கேட்டு அழுதுவிட்டதாக ஒரு பெண் எழுதியிருந்தாள். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

மறுநாள் அந்த வீடியோவின் இயக்குநர் கூப்பிட்டார். நன்றி சொன்னார், சாப்பிட்டாச்சா என்று கேட்டார், வெயிலைப் பற்றிப் பேசினார். கடைசியில் வாயைத் திறந்தார்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் புள்ள நெஞ்சுல சாஞ்சா டீ-சர்ட்டுல இருக்கற லோகோ மறையுதுன்னு மொதலாளி சத்தம் போட்டாருங்க, அதான் முதுகுக்கு மாத்துனோம். ஆனா நீங்க சொன்னதே நல்லாருக்குதுங்க, யாராச்சும் கேட்டா இனி நானும் அப்படியே சொல்லிக்கறேன்."

வெள்ளகோவில் கல்யாணம்

எங்கூட்டுக்காரரின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையே பாட்டெழுதி, பாடி, பெண்ணோடு சேர்ந்து நடித்தும் இருந்தார். விருந்துக்கு வந்தவர்களை ஒட்டுக்கா உட்கார வைத்து டிவியில் போட்டுக் காட்டினார்கள். பெண் வலப்பக்கம் பார்த்து வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். அடுத்த ஷாட்டில் மாப்பிள்ளையும் அதே வலப்பக்கம் பார்த்துச் சிரிக்கிறார். எதிரெதிரே நிற்கிறவர்களை இப்படி எடுத்தால், இரண்டு பேரும் மூன்றாவதாக ஒரு ஆளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஆகிவிடும். அந்த மூன்றாவது ஆள் யார் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் சத்தியமாக ஒரு வார்த்தை பேசவில்லை, தொண்டையைத்தான் கனைத்தேன்.

எங்கூட்டுக்காரரின் பெரியம்மா பலகாரத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோடு சொன்னார்: "கண்ணு, நீ மொய் வெக்காட்டியும் பரவால்ல. பாட்டு முடியற வரைக்கும் வாயத் தொறக்காம இரு, அதே போதும்."

சட்டைகளுக்கு நடுவே ஒரு முகம்

சுதாவுக்குச் சாமளாபுரம். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில், பையருக்கு அனுப்புகிற மாதிரிச் சட்டைகள் தயாராகிற சாம்பிள் செக்‌ஷனில் சூப்பர்வைசர். பாட்டெழுதிப் பாடியது அவள், கேமரா பிடித்தது தறி ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் பிரபு. அவர்களுடைய முதல் பாட்டு. அதைப் பற்றி ஒருக்கா பேசுங்கள் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். போட்ட வீடியோவைச் சொந்தக்காரர்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. இதுவே கடைசிப் பாட்டாகிவிடுமோ என்ற பயம் அவள் குரலில் இருந்தது.

பெயர் தெரியாத யாரோ போடப்போகிற சட்டைகளைத் தைக்கிற ஒருத்தியின் பாட்டு அது. முதலில் பஸ் ஸ்டாப், கம்பெனி வேன், தறி ஓடும் தெரு என்று சுமாராகத்தான் போகிறது. பிறகு அந்த ஒரு ஷாட். பாடுகிற சுதாவின் உதட்டுக்கு அருகில் தொடங்குகிற கேமரா, வரிசையாகத் தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே மெல்லப் பின்னால் போகிறது. ஃபேன் காற்றில் சட்டைகள் ஆடுகின்றன, கைகள் லென்ஸை உரசுகின்றன. முகம் சிறிதாகிக்கொண்டே போய், சட்டைகள் மூடி, குரல் மட்டும் மிச்சம். வெட்டே கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பையர் திருப்பி அனுப்பிய சட்டைகளைப் பார்த்து அழுதது தனிக் கணக்கு, இது வேறு.

பரபரவென்று பேசிப் பதிவு செய்து, அம்புக்குறி போடுவதற்காக அந்த ஷாட்டை நிறுத்தினேன். அம்பின் நுனி ஒரு சட்டை மேல் போய் நின்றது. அதிலிருந்த பிரிண்ட் எந்தக் கடையிலும் இன்னும் வராதது. பையரின் அடுத்த சீசன் டிசைன். அடக் கெரகமே! இதற்காகத்தான் சாம்பிள் செக்‌ஷனுக்குள் போனையே கொண்டுபோக விடமாட்டார்கள். வெளியே தெரிந்தால் கம்பெனிக்கு வந்த ஆர்டர் போகும், அதற்கு முன்னால் சூப்பர்வைசரின் வேலை போகும். சுதாவைக் கூப்பிட்டு, இதை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை ஆளில்லாதப்ப, செக்‌ஷனுக்குள்ளயேதானுங்க்கா. சாவி என்றகிட்டத்தான் இருந்துச்சு. அந்த பிரிண்ட்ட தெனமும் பாக்கறனா, அது அங்க இருக்கறதே என்ற கண்ணுக்குத் தெரியலீங்க்கா."

குற்றவாளிச் சட்டைகள்

யூடியூபிலிருந்து அன்றைக்கே வீடியோவை எடுத்துவிட்டு, மறுநாள் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். பிரிண்டை மட்டும் மங்கலாக்கிவிடலாம் என்றார் பிரபு. செய்து பார்த்தோம். செய்தியில் குற்றவாளி முகத்தை மறைப்பார்களே, அந்த மாதிரி வரிசையாகச் சட்டைகள் தொங்கின. கறுப்பு வெள்ளையாக்கினோம், பிரிண்ட் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. முகத்தை மட்டும் வைத்து நறுக்கினோம், சட்டைகள் போய்விட்டன, சட்டைகளோடு கதையும் போய்விட்டது. திரும்ப எடுக்கலாமென்றால், இன்னொரு தரம் அந்தச் சாவியைத் தொடுகிற தைரியம் யாருக்கும் இல்லை.

எந்த நாட்டுப் பையர் உட்கார்ந்து தமிழ்ப் பாட்டுப் பார்க்கப் போகிறார், அப்படியே விடுங்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அந்த ஷாட்டைப் பற்றி நான் பதிவு செய்ததுதான் என் சேனலிலேயே நல்ல பேச்சாக இருந்திருக்கும். ஆனால் பிரபுவின் தறிக்கு நூல் வருகிற மாதம் உண்டு, வராத மாதம் உண்டு. வீடு ஓடுவது சுதாவின் சம்பளத்தில். பையர் பார்க்காவிட்டால் பையரின் திருப்பூர் ஆபீஸ் பார்க்கும் என்று நான்தான் சொன்னேன். சுதா அந்த ஷாட்டை இன்னொரு தடவை முழுசாக ஓடவிட்டுப் பார்த்தாள். அப்புறம் வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "படத்த மட்டும் தூக்கிருங்க. அந்த எடத்துல ஒண்ணும் வெக்க வேண்டாம், இருட்டாவே உட்டுருங்க. என்ற கொரலாவது மிச்சமாகட்டும்."

இருட்டைப் பற்றிய ஆராய்ச்சி

புதிதாக ஏற்றிய வீடியோவைப் பற்றிப் பேசினேன். பஸ் ஸ்டாப்பைப் பேசினேன், வேன் ஜன்னலைப் பேசினேன், தறித் தெருவில் வெளிச்சம் விழுந்த விதத்தைப் பேசினேன். இருட்டு வருகிற இடத்தில் "இங்கே குரல் மட்டும் வருகிறது" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். அம்புக்குறிக்கு அங்கே வேலை இல்லை.

கமெண்டில் ஒரே அமர்க்களம். உழைக்கிற பெண்களின் வாழ்க்கையே அந்த இருட்டுதான் என்றார் ஒருவர். இல்லை, அது கருவறை என்றார் இன்னொருவர். ஆராய்ச்சி முற்ற முற்ற, சுதாவின் பாட்டைப் பார்க்கிறவர்கள் ஏறிக்கொண்டே போனார்கள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. எல்லோருக்கும் மேலே ஒருவர் எழுதினார்: "அந்த இருட்டுதான் பாட்டோட உயிரே. அத உட்டுட்டு பஸ் ஸ்டாப்பப் பத்திப் பேசறீங்களே, உங்களுக்கு ரசனைங்கறதே இல்லீங்களா அக்கா?"

முதலாளி கூப்பிட்டார்

பாட்டு பரவிப் பரவி சுதாவின் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது. முதலாளி தன் ரூமுக்கு வரச் சொல்லியிருக்கிறார். படிக்கட்டிலிருந்து எனக்குப் போன் செய்து, "போச்சுங்க்கா, பழைய வீடியோவ யாரோ காட்டிப்போட்டாங்க போலிருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எதிரே கம்ப்யூட்டரில் எந்தப் பையரின் மெயில் திறந்திருந்தது என்றுகூடத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகக்கூடாதே என்று மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகக் கூப்பிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. முதலாளி தன் போனில் பாட்டைப் போட்டு அவள் எதிரிலேயே பார்த்திருக்கிறார். இருட்டு வருகிற இடத்தில் நிறுத்தியிருக்கிறார். இவளுக்கு உயிரே போய்விட்டது. "நான் ஆமாங்கன்னு மட்டும் சொல்லிப்போட்டு வந்துட்டனுங்க்கா" என்றாள். எதற்கு ஆமாங்க என்று கேட்டேன். முதலாளி சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்: "ஏம்மா, இத்தன நல்லாப் பாடற, ஒரு வார்த்த கேட்டிருந்தா நம்ம கம்பெனியிலயே எடுக்க உட்டிருப்பனல்ல? பழைய சாம்பிள் எத்தன கெடக்குது! இந்த இருட்டா வர்ற எடத்துல அதயெல்லாம் வரிசையாத் தொங்கவுட்டு, நடுவுல உன்ற மூஞ்சி மட்டும் தெரிஞ்சிருந்தா எப்படி இருந்திருக்கும்!"

அம்புக்குறி போடாமல், என் தொழிலில் நான் பார்த்த மிக நல்ல ஷாட்டைச் சரியாக எடுத்துச் சொன்னவர், அதைப் பார்த்தேயிராத ஒருவர்தான்.