ரப்பரைத் தின்ற காற்று

"சாயங்காலத்துக்குள்ள இந்தக் காலை வெட்டி எடுத்துடணும்" என்று டாக்டர் சொன்னபோது முனியம்மா அழவில்லை. என் பக்கம் திரும்பினாள். "டிரெசரய்யா, ஒத்தக் கால்ல நின்னு எப்படி ரப்பர் மரத்துல பால் வெட்டுவேன்? வேல இல்லன்னா அரிசி இல்ல. என் புள்ளைங்க என்னத்தத் திங்கும்?"

ஜப்பான்காரன் காலம், 1943. கிள்ளானுக்கு வடக்கே, மேரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரெசர். கட்டுப் போடுவதும் மருந்து கலக்குவதும் வேலை, கலக்கத்தான் மருந்தில்லை. முனியம்மாவின் கணுக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு அழுகல் புண். பாதத்தில் ஊசியால் குத்தினாலும் உணர்ச்சியில்லை.

ஓடிப்போன வெள்ளைக்கார டாக்டர் புண்ணுக்குக் காற்றடிக்க வைத்திருந்த ஓசோன் மெஷின் அலமாரியில் கிடந்தது. "மூணு நாள் குடுங்க டாக்டர், இதப் போட்டுப் பாக்குறேன்" என்று மன்றாடினேன்.

"சரி. நாலாவது நாள் உணர்ச்சி வரலன்னா ரம்பம்தான்."

பேக்டரி என்ஜின் ஓடும்போது மட்டும்தான் கரண்ட். ஸ்விட்சைப் போட்டேன். கண்ணாடிக்குள் ஊதா வெளிச்சம் நடுங்கியது. இடி இடித்து ஓய்ந்ததும் வருமே, அந்த வாசனை வார்டெல்லாம் பரவியது. கட்டிலில் கிடந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கே உடம்பு சிலிர்த்தது. வெறும் காற்றும் கரண்டும் சேர்ந்து மருந்தாகுமா, அடேயப்பா!

அந்தக் காற்றைக் காலைச் சுற்றி அடைத்துவைக்கப் பை வேண்டும். "ரப்பருக்கு நம்மகிட்டயா பஞ்சம்?" என்று அவள் புருஷன் மாரி, துணியில் மரப்பால் தடவிக் காயவைத்து ஒரு பை கொண்டுவந்தான். குழாயும் ரப்பர்தான். கொஞ்ச நேரத்தில் குழாய் வளைந்த இடத்தில் வெடித்தது. பையின் மடிப்பெல்லாம் கீறல். "பால் காயவச்ச லட்சணமாடா இது?" என்று மாரியைக் கண்டபடி திட்டினேன். பாவம், மறுநாள் இரட்டைத் தடிமனில் செய்துவந்தான். அதுவும் வெடித்தது. இரண்டு நாள் போச்சு.

டாக்டர் குழாயை விரலில் வளைத்துப் பார்த்தார். "அவன் மேல பாயாத. பால் நல்ல பால்தான். இந்தக் காத்து ரப்பரத் தின்னுது."

திகைத்து நின்றேன். லோரியையே சுமக்கிற ரப்பர்! அதைத் தின்னும் காற்றைத்தான் நான் மூச்சில் இழுத்து இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தேன். மாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். மெஷினை உடனே வராந்தாவுக்கு மாற்றினேன்.

மூன்றாம் நாள் கண்ணாடிக் குழாய் வழியாக, கொதித்து ஆறின தண்ணீரில் காற்றைக் குமிழவிட்டேன். அந்தத் தண்ணீரால் அழுகலை வழித்து வழித்துக் கழுவினேன்.

நாலாம் நாள் காலை டாக்டர் ரம்பத்தோடு வந்தார். கட்டைப் பிரித்து அவள் கால் பெருவிரலை அழுத்தினேன்.

"ஐயோ, வலிக்குதுய்யா!" என்று கத்தினாள் முனியம்மா. கத்தியவளே சிரித்தாள். மாரி தரையில் உட்கார்ந்து அழுதான். டாக்டர் ரம்பத்தைத் துணியில் சுற்றினார்.

"ஓசோன்தானே டாக்டர்?" என்றேன், பெருமை தாங்காமல்.

"அழுகல வழிச்சதா இருக்கலாம். அவ உடம்புத் தெம்பா இருக்கலாம். தெரியும்னு யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத."

முகம் சுருங்கிவிட்டது எனக்கு. ஆனாலும் அவர் சொன்னதுதான் சரி. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, அதிசயத்தைப் பார்த்தால் வாயைப் பிளந்து நில்லுங்கள், தப்பில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். முனியம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டில் அன்று நான் எழுதியது இவ்வளவுதான்: "கால் பிழைத்தது. எதனால் என்று தெரியவில்லை."